பொலோஞாக் கோபுரத்திலிருந்து விழுந்த மண்ணுருண்டை

வட இத்தாலியில், போ ஆற்றின் சமவெளி முடிந்து அப்பென்னைன் மலையடிவாரம் தொடங்கும் இடத்தில் பொலோஞா நகரம் அமைந்திருக்கிறது. உரோமைக்கும் அசிசிக்கும் திருப்பயணம் மேற்கொள்வோர் பெரும்பாலும் இந்நகரை இரயில் சன்னல் வழியாகவே கண்டு கடந்துவிடுகின்றனர். நாம் 2018-ஆம் ஆண்டில் இங்கு இறங்கி இரண்டு நாட்கள் தங்கினோம். மழையும் வெயிலும் படாமல் நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து செல்லும்படி, வீதிகளின் இருமருங்கிலும் வளைவுக் கூரையிட்ட தூண் நடைகள் இங்குண்டு. பழைய நகரத்துள் மட்டும் இவற்றின் நீளம் 38 கிலோமீட்டர் என்பர். அந்நடைகளின் நிழலிலேயே சென்று, நகரின் நடுவே வீதிகள் பல வந்து கூடுகின்ற சதுக்கத்தை அடைந்தபோது, இரண்டு செங்கற்கோபுரங்கள் நம்மை அண்ணாந்து பார்க்கச் செய்தன.

குட்டையானது கரிசெந்தா. 48 மீட்டர் உயரமே உடையது. பார்ப்பவர் அஞ்சுமளவுக்குச் சாய்ந்தது. சாய்வின் காரணமாகப் பதினான்காம் நூற்றாண்டிலேயே அதன் மேற்பகுதியை இடித்துக் குறைத்துவிட்டனர். மகாகவி தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதியில் இக்கோபுரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நெட்டையானது அசினெல்லி. 97 மீட்டர் உயரம். உள்ளே 498 படிகள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வக் குடும்பங்கள் தங்கள் பெருமையை நிலைநாட்ட எழுப்பிய கோபுரங்கள் இவை. பட்டம் பெறுமுன் அசினெல்லியில் ஏறும் மாணவன் ஒருநாளும் பட்டம் பெறமாட்டான் என்பது இந்நகரப் பல்கலைக்கழக மாணவரிடையே வழங்கும் நம்பிக்கை. பட்டம் பெறும் வயதைக் கடந்துவிட்ட நாம் துணிந்து ஏறினோம். 2023 அக்டோபரில் கரிசெந்தாவின் நிலை கவலைக்கிடமாகி, அதைச் சுற்றி வேலியிட்டபோது அசினெல்லியில் ஏறுவதும் நிறுத்தப்பட்டது.

ஏறும்போது நம் மனத்தில் இருந்தது காட்சி இன்பமன்று; ஒரு மண்ணுருண்டையே. ஏறக்குறைய 380 ஆண்டுகளுக்கு முன் இதே உச்சியிலிருந்து இயேசு சபைக் குருக்கள் மண்ணுருண்டைகளைக் கீழே விழவிட்டு, அவை தரையைத் தொட எத்துணை நேரம் ஆகிறதென்று எண்ணினார்கள். பொருள்கள் எவ்வாறு விழுகின்றன என்பதை மனிதர் முதன்முதலாகத் திருத்தமாக அளந்த இடங்களில் இதுவே தலையாயது என்று கூறலாம். சுற்றுலாக் கூட்டம் பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்துக்கன்றோ செல்கிறது! கலிலேயோ அங்கிருந்து குண்டுகளை விழவிட்டார் என்னும் கதை, அவருடைய இறுதிக்கால மாணவர் விவியானி எழுதிய வரலாற்றில் இருந்து வருவது. அது உண்மையில் நிகழ்ந்ததா என்று வரலாற்று ஆசிரியர் பலர் ஐயுறுகின்றனர். பொலோஞாவில் நிகழ்ந்ததற்கோ நாளும் எண்ணும் எழுத்தில் உள்ளன.

அக்குருக்களின் தலைவர் ஜோவான்னி பத்திஸ்தா ரிச்சோலி அடிகளார். 1598-ஆம் ஆண்டு பெராரா நகரில் பிறந்தவர். பொலோஞாவில் புனித லூசியா ஆலயத்தை அடுத்திருந்த இயேசு சபைக் கல்லூரியில் பணியாற்றியவர். அவ்வாலயம் இன்று பல்கலைக்கழகத்தின் பேரவை மண்டபமாக இருக்கிறது. அவருக்கு வலக்கையாக இருந்தவர் இந்நகரிலேயே பிறந்த பிரான்செஸ்கோ மரியா கிரிமால்தி அடிகளார். ஒளி, தடையொன்றின் ஓரத்தைக் கடக்கையில் சற்றே வளைந்து பரவுகிறது என்பதைக் கண்டறிந்து அதற்குப் பெயரும் இட்டவர் இவரே. தமிழ் மக்களுக்கு இவ்வூரோடு உறவு ஒன்றுண்டு. நம் வீரமாமுனிவர் 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710-இல் கோவாவில் வந்து இறங்குமுன், ராவென்னாவிலும் பொலோஞாவிலும் பயின்றவர். தேம்பாவணியை யாத்த அக்கண்கள் இவ்விரு கோபுரங்களையும் நிச்சயம் கண்டிருக்கும்.

இனி, குருக்களைக் கோபுரம் ஏறவைத்த வினாவுக்கு வருவோம். பத்து மடங்கு கனமான பொருள் பத்து மடங்கு விரைவாக விழும் என்பது அரிஸ்டாட்டிலின் வழிவந்த பழங்கருத்து. கலிலேயோ அதை மறுத்தார். காற்றின் தடை இல்லையேல் எல்லாப் பொருள்களும் ஒன்றுபோலவே விழும். விழும் வேகம் நேரத்துக்கு ஏற்பச் சீராகக் கூடிக்கொண்டே போகும். ஆகவே சம கால அளவுகளில் பொருள் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7, 9 என்னும் ஒற்றைப்படை எண்களாக வளரும் என்றார். சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி அவர் இதைக் கண்டார். ஆனால் நேராக விழும் பொருளைப் பற்றி 1632-ஆம் ஆண்டு நூலில் அவர் தந்த எண், 100 முழத்தை ஐந்து வினாடியில் கடக்கும் என்பது, மிகவும் தவறானது. அதன்படி பார்த்தால் புவியீர்ப்பின் முடுக்கம் இன்று நாம் அறிந்ததில் பாதிக்கும் குறைவாகிவிடும்.

ரிச்சோலி அடிகளார் இந்த எண்ணை நம்பவில்லை. அதைத் தந்தவரின் விதியையும் ஐயுற்றார். கலிலேயோவுக்கு 1633-இல் தீர்ப்பளிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. உலகம் சுழல்கிறது என்னும் கொள்கைக்கு அடிகளார் எதிரணியில் நின்றவர். கலிலேயோவின் கணக்குப் பொய்யென்று மெய்ப்பித்தால் அவரைப் பாராட்டப் பலர் காத்திருந்தனர். அடிகளாரோ, முதலில் ஒரு நல்ல கடிகாரம் வேண்டும் என்றார்.

வினாடியைக் காட்டும் கடிகாரம் அக்காலத்தில் கிடையாது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட குண்டாகிய ஊசல் ஒன்றே துணை. ஆட்டத்துக்கு ஒரு வினாடி ஆகும்படி ஊசலின் நீளத்தை அமைக்க வேண்டுமானால், அது ஒரு முழு நாளில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிப் பார்ப்பதே வழி. சரியான வினாடி ஊசலானால் 86,400 ஆட்டங்கள் வரவேண்டும். 1642-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் நண்பகல் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை, இயேசு சபையினர் ஒன்பது பேர் முறைவைத்து அமர்ந்து, ஊசல் நின்றுவிடாமல் தள்ளிவிட்டுக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்தையும் எண்ணினர். கலிலேயோ கண்ணொளி இழந்த நிலையில் இறந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. எண்ணிக்கை 87,998 என்று வந்தது. 1,598 ஆட்டங்கள் மிகுதி! நூற்றுக்கு இரண்டு பிழைகூட இல்லையே என்று நாமாயின் மனநிறைவு கொண்டிருப்போம். அடிகளார் கொள்ளவில்லை. அடுத்த மாதமே, இம்முறை ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடந்து மறுநாள் அதே இடத்துக்கு வரும்வரை, மீண்டும் எண்ண வைத்தார். 86,999 வந்தது. அதிலும் அவருக்கு நிறைவில்லை.

பிறகு 1645-இல் மூன்றாம் முயற்சி. இதற்கு எஞ்சியவர்கள் கிரிமால்தி அடிகளாரும் சேனோ அடிகளாரும் மட்டுமே என்று அறியும்போது நமக்குச் சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே எழுகின்றன. இரவு முழுதும் விழித்து ஒன்று, இரண்டு என்று எண்பதாயிரத்துக்கு மேல் எண்ணிய மற்றவர்களைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்? இம்முறை முழுநாள் வேண்டாமென, சித்திரை விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்துக்கும் சுவாதி கடக்கும் நேரத்துக்கும் இடைப்பட்ட ஆட்டங்களை மட்டும் எண்ணினர். 3,212 ஆட்டங்கள், அவர்களுடைய வானியல் கணக்குப்படி வரவேண்டியது 3,192. அந்த இருபதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஊசலின் நீளத்தைத் திருத்தினர்.

வினாடி ஊசலும் விழும் பொருளை அளக்கப் போதாது; பொருள் அத்துணை விரைவாகத் தரையை அடைந்துவிடுகிறது. ஆகவே ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த நீளமுடைய, வினாடிக்கு ஆறு முறை துடிக்கின்ற குட்டி ஊசலைச் செய்தனர். அதன் துடிப்பைக் கண்ணால் எண்ணிப் பாருங்கள், நாக்குத் தடுமாறும். கிரிமால்தியும் காசியானி என்னும் மற்றொரு அடிகளாரும் இதில் தேர்ச்சி பெற்றனர்.

1640 முதல் 1650 வரை பத்தாண்டுகளாக இந்தச் சோதனைகள் தொடர்ந்தன. எட்டு அவுன்சு எடையுள்ள மண்ணுருண்டைகளை அசினெல்லியிலிருந்தும், நகரத்து ஆலயக் கோபுரங்கள் சிலவற்றிலிருந்தும், வெவ்வேறு உயரங்களில் விழவிட்டனர். குட்டி ஊசலின் ஐந்து துடிப்புகளில் உருண்டை பத்து உரோமை அடி விழுந்தது. பத்துத் துடிப்புகளில் 40 அடி, பதினைந்தில் 90, இருபதில் 160, இருபத்தைந்தில் 250 அடி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தால், ஒவ்வோர் ஐந்து துடிப்புக்கும் கடந்த தூரம் 10, 30, 50, 70, 90 அடிகள். கலிலேயோ கூறிய அதே ஒற்றைப்படை எண்கள்! அசினெல்லியின் உச்சி நடையிலிருந்து கீழ்த்தளம் வரை 280 அடியை உருண்டை 26 துடிப்புகளில், அதாவது நாலே கால் வினாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கடந்தது. இதிலிருந்து கிடைக்கும் முடுக்கம் இன்றைய அளவினின்று பத்தில் ஒரு பங்கும் வேறுபடவில்லை.

கலிலேயோவின் எண் தவறு, விதி சரி. இதைக் கண்டபின் ரிச்சோலி அடிகளார் செய்ததே நமக்கு இந்தக் கோபுரத்தைவிட உயரமாகத் தோன்றுகிறது. அவரும் கிரிமால்தியும் பொலோஞாப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரான கவலியேரி அடிகளாரைத் தேடிச் சென்றனர். கவலியேரி, கலிலேயோவின் மாணவர். தம் ஆசிரியரின் விதி மெய்யென்று எதிரணியினரே வந்து சொல்லக் கேட்டு அவர் எத்துணை மகிழ்ந்திருப்பார்! 1651-இல் ரிச்சோலி வெளியிட்ட ‘புதிய அல்மகெஸ்ட்’ என்னும் 1,500 பக்கங்களுக்கு மேற்பட்ட இலத்தீன் பெருநூலில் இந்த எண்கள் எல்லாம், தவறிப்போன எண்ணிக்கைகள் உட்பட, அச்சாகியுள்ளன. கலிலேயோவுக்கு எதிரான தீர்ப்பின் வாசகமும் அதே நூலில் அச்சாகியிருக்கிறது. ஒரே அட்டைக்குள் இரண்டும்.

கனமும் இலேசும் ஒன்றாக விழுமா என்பதையும் அவர்கள் விடவில்லை. ஒரே பருமனில் இரண்டு மண்ணுருண்டைகளைச் செய்தனர். ஒன்று திண்ணியது, இருபது அவுன்சு. மற்றது உள்ளே குடைந்தது, பத்து அவுன்சு. இரண்டையும் ஒரே கணத்தில் உச்சியிலிருந்து விட்டனர். பழங்கருத்துப்படியானால் கனமானது தரையைத் தொடும்போது இலேசானது இன்னும் பாதி வழியில் இருந்திருக்க வேண்டும். உண்மையில் அது தரைக்கு மேல் பதினைந்து அடி உயரத்தில்தான் இருந்தது. பழங்கருத்து வீழ்ந்தது, ஆனால் இரண்டும் அப்படியே ஒன்றாகவும் விழவில்லை. அந்தப் பதினைந்து அடி காற்றின் வேலை. ஒரே பருமனாதலால் இரண்டையும் காற்று ஏறக்குறைய ஒன்றுபோல் தடுக்கிறது. இலேசான உருண்டைக்கு அத்தடையைத் தாங்கும் வலு குறைவு.

உச்சியில் நின்று கீழே நோக்கியபோது சதுக்கத்தில் சிறுவன் ஒருவன் பந்தை மேலே எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். விழுவதைப் பற்றியே பேசிவந்த நாம் எழுவதையும் சற்று நினைத்துப் பார்ப்போம். மேலே செல்லும் பந்துக்கும் கீழே வரும் பந்துக்கும் விதி ஒன்றே. புவியீர்ப்பு ஒவ்வொரு வினாடியும் பந்தின் வேகத்தில் வினாடிக்கு 9.8 மீட்டரைக் கழிக்கிறது; இறங்கும்போது அதே அளவைக் கூட்டுகிறது. வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து முதல் வினாடியில் 14.7 மீட்டரும் அடுத்த வினாடியில் 4.9 மீட்டரும் ஏறி, ஒரு கணம் வேகம் அற்று, பிறகு 4.9, 14.7 என்று இறங்கும். ஏறுகையில் மூன்று, ஒன்று. இறங்குகையில் ஒன்று, மூன்று. பள்ளிப் பிள்ளைகள் பலர் உச்சியில் பந்து நிற்பதுபோல் தோன்றும் கணத்தில் ஈர்ப்பும் இல்லாமற் போகிறதென்று எண்ணிவிடுகின்றனர். இல்லாமற் போனால் பந்து அங்கேயே தங்கிவிடுமே! அந்தக் கணத்திலும் ஈர்ப்பு இம்மியும் குறைவதில்லை. இன்னொன்றும் கணக்கிட்டோம். அசினெல்லியின் முழு உயரத்துக்கு ஒரு பந்தை எறிய, காற்றின் தடையை ஒதுக்கிவிட்டாலும், மணிக்கு 157 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 2003-இல் ஷோயப் அக்தர் வீசிய கிரிக்கெட் பந்தின் வேகம் 161.3 கிலோமீட்டர். அவரைப் போன்றவர் தவிர வேறெவரும் இங்கு வந்து முயலவேண்டாம்.

ரிச்சோலி அடிகளாரின் கதையில் மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. விழும் பொருளின் விதியில் கலிலேயோவை ஏற்ற அவர், பூமி சுழல்கிறது என்பதை இறுதிவரை ஏற்கவில்லை. அவரது பெருநூல் பூமி அசைகிறது என்பதற்குச் சார்பாக 49 வாதங்களையும், எதிராக 77 வாதங்களையும் எடுத்து ஆராய்கிறது. எதிர்வாதங்களுள் ஒன்று நுட்பமானது. பூமி சுழல்வது மெய்யானால், நடுக்கோட்டை அடுத்த நிலம் விரைவாகவும் துருவத்தை அடுத்த நிலம் மெதுவாகவும் கிழக்கே செல்லவேண்டும். அப்படியானால் வடக்கு நோக்கிச் சுட்ட பீரங்கிக் குண்டு, தான் புறப்பட்ட இடத்தின் மிகுந்த வேகத்தோடு சென்று, குறிக்குக் கிழக்கே விலகி விழவேண்டும். அப்படி விலகுவதை யாரும் காணவில்லை. ஆகவே பூமி சுழலவில்லை என்பது வாதம். இதில் தர்க்கம் பிழையற்றது. விலகல் உண்மையாகவே நிகழ்கிறது. அக்காலத்துப் பீரங்கியின் குறி அதைக் காட்டுமளவுக்குத் திருந்தவில்லை, அவ்வளவே.

இதே தர்க்கம் கோபுரத்துக்கும் பொருந்தும். கோபுரத்தின் உச்சி பூமியின் அச்சிலிருந்து அடியைவிடச் சற்றுத் தொலைவில் இருப்பதால், உச்சி சற்றே விரைவாகக் கிழக்கே செல்கிறது. ஆகவே உச்சியிலிருந்து விழும் குண்டு, நேர் கீழே விழாமல் மயிரிழை கிழக்கே விழவேண்டும். 1679-இல் நியூட்டன் இதை ஹூக்குக்கு எழுதிய கடிதத்தில் சுட்டிக்காட்டினார். செய்து பார்த்தவர் பொலோஞாவைச் சேர்ந்த ஜோவான்னி பத்திஸ்தா குலியெல்மினி. ரிச்சோலியின் திருமுழுக்குப் பெயரே இவருக்கும். கோபுரமும் அதே அசினெல்லி. 1791-ஆம் ஆண்டு, தெருவில் வண்டிகள் ஓடிக் கோபுரத்தை அதிரச் செய்யாத இரவு வேளைகளில், காற்று வீசாத கோபுரத்தின் உட்புறமாகவே 78 மீட்டர் உயரத்திலிருந்து பதினாறு குண்டுகளை விழவிட்டார். அவை சராசரியாக 19 மில்லிமீட்டர் கிழக்கே விலகி விழுந்தன. கணக்குப்படி வரவேண்டியது 11 மில்லிமீட்டர் அளவே. கோடையில் குண்டுகளை விட்ட அவர், நூற்குண்டு கட்டி நேர்கீழான புள்ளியைக் குறித்தது அடுத்த குளிர்காலத்தில். வெயிலிலும் குளிரிலும் நெடிய செங்கற்கோபுரம் சிறிது வளையுமன்றோ! அளவில் குறை இருந்தாலும் திசை கிழக்குத்தான். பூமியின் சுழற்சியை, வானத்தை நோக்காமல், விழும் குண்டைக் கொண்டு காட்ட முனைந்த முதல் முயற்சிகளுள் இது ஒன்று. ரிச்சோலி கேட்ட சான்று, அவர் நின்ற படிகளுக்குள்ளேயே, அவர் மறைந்து 120 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. படிகள் என்றோமே, உள்ளபடி அவையும் வேறு. இன்றுள்ள மரப்படிகள் 1684-இல் அமைக்கப்பட்டவை.

1820-ஆம் ஆண்டில், பூமியின் இயக்கத்தை மெய்யெனக் கூறிய செத்தேலே என்னும் குருவின் பாடநூலை அச்சிட உரோமையில் அனுமதி கிடைத்தது. 1992 அக்டோபர் 31-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், பாப்பிறை அறிவியல் கழகத்தின்முன் கலிலேயோ வழக்கைப் பற்றிப் பேசி, அக்காலத்து இறையியலார் செய்த தவற்றை ஒப்புக்கொண்டார்.

பொலோஞாவிலிருந்து நிலவுக்கும் ஒரு வழி உண்டு. ரிச்சோலியின் பெருநூலில் கிரிமால்தி வரைந்த நிலவுப் படம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கருந்திட்டுகளுக்கும் பள்ளங்களுக்கும் ரிச்சோலி இட்ட பெயர்களையே உலகம் இன்றும் பெரிதும் வழங்குகிறது. 1969-இல் மனிதர் முதலில் இறங்கிய ‘அமைதிக் கடல்’ அவர் இட்ட பெயர். தாம் மறுத்த கொள்கைக்குரிய கொப்பர்நிக்கசின் பெயரை, நிலவின் மிக எடுப்பான பள்ளங்களுள் ஒன்றுக்குச் சூட்டியவரும் அவரே. 1971 ஆகஸ்டு 2-ஆம் நாள், அவர் ‘மழைக் கடல்’ என்று பெயரிட்ட சமவெளியின் கிழக்கு ஓரத்தில், அப்பல்லோ 15 கலத்தில் சென்ற டேவிட் ஸ்காட் ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் இராசாளியின் இறகையும் பிடித்து ஒரே கணத்தில் விட்டார். அங்கே காற்று இல்லை. பதினைந்து அடி பின்தங்க இடமில்லாமல், சுத்தியலும் இறகும் ஒன்றாகவே நிலவின் மண்ணைத் தொட்டன.

அசினெல்லியின் உச்சிக்கு இப்போதைக்கு ஏற இயலாவிட்டாலும், முழுநிலவு மாலையில் மாடிக்குச் சென்று கிழக்கே எழும் நிலவை ஓர் இருகண் நோக்கியால் பாருங்கள். நம் ஊர்களில் அவ்வேளையில், நிலவின் கீழ்விளிம்பை ஒட்டி முட்டை வடிவில் ஒரு கரும்புள்ளி தெரியும். அது கிரிமால்தி பள்ளம். அதற்கு அடுத்து, விளிம்பை இன்னும் நெருங்கி இருப்பது ரிச்சோலி.